ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையைக் குழுவிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்தும் ஆசிரியை கேட்டது இது. கல்லூரி நேரம் போக, மாலையில் இணையவழியில் கணக்கியலும் விலைக்கணிப்பும் சொல்லித்தரும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறார். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், மீதிப் பேர் திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்துக் குழு வேலை கொடுத்தால் ஒருவர் செய்கிறார், மற்ற நால்வர் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கலந்துரையாடல் பக்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. "இவர்களைச் சேர்ந்து படிக்க வைக்க என்ன வழி? இல்லை, இணையத்தில் இது நடக்காத காரியமா?"

பதில்:

நடக்கிற காரியம்தான். கோவையில், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளுக்கு மாணவர்களை வழிநடத்துவதும், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரப் படிப்புகளைத் திட்டமிடுவதும்தான் பல வருடங்களாக என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகள் சோம்பேறிகள், போனை நோண்டிக்கொண்டே இருப்பவர்கள் என்ற முடிவுக்கு மட்டும் அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். பத்தில் எட்டு இடத்தில் கோளாறு கொடுத்த வேலையில்தான் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த வேலையையே எடுத்துக்கொள்வோம். "ஒரு சிறு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைத் தயாரித்து நான்கு பக்க அறிக்கை எழுதுங்கள்." இதற்கு ஐந்து பேர் எதற்கு? கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடுவாள். ஐந்து பேரையும் போனில் பிடித்து, எல்லோருக்கும் ஒத்துவருகிற நேரம் பார்த்து, விளக்கிச் சொல்லி, அவர்கள் அரைகுறையாக அனுப்புவதைத் திருத்திச் சேர்க்க அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகும். "நானே பண்ணிடறனுங்க, நீங்க பேர் மட்டும் அனுப்பிவிடுங்க" என்று அவள் சொன்னது நியாயமான முடிவு. மற்ற நால்வரும் அதற்கு ஒத்துக்கொண்டதும் நியாயம்தான். வேலைதான் அவர்களை அப்படி நடக்க வைத்தது.

இது நம் ஊர்க் குணமும் இல்லை, இணையத்தின் குணமும் இல்லை. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் என்பவர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். தனித்தனியாக இழுக்கும்போது ஒவ்வொருவரும் காட்டிய பலத்தைக் கூட்டி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்ததோடு ஒப்பிட்டால், சேர்ந்து இழுத்தது அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. 1913இல் அதை எழுதி வெளியிட்டார். ஒன்றாக இழுக்கையில் தாளம் தப்புவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை என்று 1979இல் அமெரிக்காவில் லட்டனே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துக் காட்டினார்கள். கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிறோம் என்று நினைத்தாலே ஆள் குரலைக் குறைத்துவிடுகிறார். அதே குழுவினர் கொஞ்ச காலம் கழித்து இன்னொன்றையும் கண்டார்கள். ஒவ்வொருவர் சத்தமும் தனியே அளக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டால் அந்தக் குறைவு காணாமல் போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சரி, அப்படியென்றால் எந்த வேலையைக் கொடுப்பது? ஒருவர் கையில் இருப்பதை வைத்து முடிக்கவே முடியாத வேலையைக் கொடுங்கள். 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் செய்தார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள், ஒரே உரசல். அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். ஆகவே கேட்டார்கள்.

உங்கள் வகுப்புக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன், திருப்பூர்க் கணக்கு. ஆயிரம் டி-ஷர்ட்டுக்கு விலை சொல்ல வேண்டும். குழுவில் நால்வர் என்று வைத்துக்கொள்வோம், நால்வருக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். முதல் ஆளுக்கு நூல் விலையும் நிட்டிங் கூலியும், அதாவது நூலைத் துணியாகப் பின்னும் கூலி. இரண்டாவது ஆளுக்குச் சாயப்பட்டறைக் கூலி, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தித் தருவது), அங்கே எவ்வளவு எடை கழியும் என்ற விவரம். மூன்றாவது ஆளுக்குக் கட்டிங், தையல், செக்கிங், அயனிங் பீஸ் ரேட். நான்காவது ஆளுக்கு ஆர்டர் தாள்: எத்தனை பீஸ், ஒரு பீசுக்கு எவ்வளவு துணி, பேக்கிங் எப்படி, லாபம் எவ்வளவு வைக்கலாம்.

வெட்டுக் கழிவும் சேர்த்து ஒரு பீசுக்கு 160 கிராம் துணி என்று ஆர்டர் தாள் சொல்கிறது. முதல் ஆள் ஆயிரத்தால் பெருக்கி 160 கிலோ நூல் என்று போட்டுவிடுவார். ஆனால் இரண்டாவது ஆளின் தாளில் 5 சதவீதம் கழியும் என்று இருக்கிறது. சாயம் போட்டு வந்த பிறகு 160 கிலோ கையில் இருக்க வேண்டும் என்றால், 160ஐ 0.95ஆல் வகுத்து 168.4 கிலோவுக்கு நூல் வாங்க வேண்டும். நூலும் நிட்டிங்கும் சேர்த்து கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆர்டருக்குச் சுமார் 2,500 ரூபாய், பீசுக்கு இரண்டரை ரூபாய் உதைக்கும். பனியன் கம்பெனியில் பீசுக்கு இரண்டரை ரூபாய் என்பது ஆர்டர் கிடைப்பதா போவதா என்கிற விஷயம். இந்தத் தப்பை முதல் ஆளால் தனியாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டாவது ஆள், "ஏனுங்க, சாயத்துல கழியறதச் சேத்துனீங்களா?" என்று கேட்டாக வேண்டும்.

உங்கள் வகுப்பில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. செக்கிங்கில் வேலை பார்க்கிற அக்காவுக்கு எக்செல் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நூறு பீசில் எத்தனை ரிஜெக்ட் ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரண்டாம் ஆண்டு பி.காம். பையனுக்கு எக்செல் விரல் நுனியில், ஆனால் அவன் சாயப்பட்டறைப் பக்கமே போயிருக்க மாட்டான். இந்த இருவரையும் ஒரே குழுவில் போட்டு, இருவர் அறிவும் தேவைப்படுகிற கணக்கைக் கொடுங்கள். அப்புறம் நீங்கள் "பேசுங்கள், பேசுங்கள்" என்று துரத்த வேண்டியதில்லை. கலவையான வகுப்பை ஒரு தொந்தரவாகப் பல கல்லூரிகள் பார்க்கின்றன. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பேச்சு. கலந்துரையாடல் பக்கத்தில் ஏன் வாய் திறப்பதில்லை?

நம் பக்கத்தில் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டு வளர்ந்தவர்கள் நாம். வயதில் பெரியவர் செய்ததை நாலு பேர் பார்க்கிற இடத்தில் தப்பு என்று சொல்ல நாக்கு வராது, வரவும் வேண்டாம். அது நல்ல பழக்கம். ஆனால் "மற்றவர் வேலையைப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள்" என்று நீங்கள் பொதுவாகக் கேட்டால், பத்தொன்பது வயதுப் பெண் நாற்பது வயது அண்ணனின் கணக்கைப் பார்த்துவிட்டு "நல்லாருக்குங்ணா" என்று மட்டும்தான் எழுதுவாள். அடுத்தவரும் அதையே எழுதுவார். அதற்கடுத்தவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "இந்தக் கணக்கில் உங்களுக்குப் புரியாத வரி எது? அந்த வரி எண்ணைக் குறிப்பிட்டு, அவரிடம் ஒரு சந்தேகம் கேளுங்கள்." இப்படிக் கேட்டபோது ஒரு மாணவி எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அண்ணா, ஏழாவது வரியில மின்சாரச் செலவு ஒரு மாசத்துக்கா, மூணு மாசத்துக்காங்க? எனக்குப் புரியலீங்க." அவளுக்குப் புரியாமல் இல்லை. அவர் மூன்று மாதச் செலவை ஒரு மாதத்தில் போட்டிருந்தார். ஆனால் சந்தேகமாகக் கேட்க அனுமதி கிடைத்ததும் மரியாதையும் கெடவில்லை, தப்பும் வெளியே வந்துவிட்டது. அவரும் "அட ஆமா கண்ணு" என்று திருத்திக்கொண்டார். பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் இடையே இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது.

மொழி இன்னொரு தடை. பாடம் ஆங்கிலத்தில், கேள்வித்தாள் ஆங்கிலத்தில், சரி. கலந்துரையாடலும் ஆங்கிலத்தில்தான் என்று நாம் சொல்லாமலே பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்துப்பிழை வந்துவிடுமோ என்று பாதியில் அழித்துவிடுகிறார்கள். முதல் நாளே நீங்கள் தமிழில் ஒரு குரல்பதிவு போடுங்கள். எழுதுவதற்குத் தயங்குகிறவர்கள், முக்கியமாக வேலைக்குப் போகிறவர்கள், பேசச் சொன்னால் நன்றாகப் பேசுவார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழு என்றால் முன்பின் தெரியாதவர்கள் கையில் போன் நம்பர் போகிறது. பல வீடுகளில் அதற்குத் தடை, தடை இல்லாவிட்டாலும் அவர்களுக்கே தயக்கம். படிப்பு தொடர்பாகப் பேசிய ஆள் ராத்திரி பதினோரு மணிக்கு "சாப்டாச்சா" என்று அனுப்பினால், அதோடு அந்தப் பெண் குழுவில் பேசுவதையே நிறுத்திவிடுவாள். உங்களுக்குக் காரணமும் தெரிய வராது, "ஆர்வம் இல்லை" என்று எழுதிவைத்துவிடுவீர்கள். நம்பர் வெளியே தெரியாத இடத்தில் குழுவை வையுங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் போன் நம்பர் தெரியாது, டெலிகிராமிலும் நம்பரை மறைக்க வழி இருக்கிறது. அப்புறம், ஆட்களைக் குருட்டாம்போக்கில் பிரிக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகத் தெரிந்தவர்களைச் சேர்ந்து வரச் சொல்லி, ஒரு ஜோடியை இன்னொரு ஜோடியோடு இணைத்து நால்வர் குழு ஆக்குங்கள். குழுவில் குறைந்தது ஒரு முகமாவது பழக்கப்பட்டதாக இருக்கும். நான்குக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கே தெரியும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் கம்பெனியை விட்டு வெளியே வருவார். விடுதி மாணவர்கள் பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பாவார்கள். பஸ்ஸில் அந்தியூரிலிருந்து வருகிற பிள்ளை அப்போது தூங்கிவிடும், விடிந்து பார்த்தால் விடுதிக்காரர்கள் வேலையை முடித்தே விட்டிருப்பார்கள். ஆகவே குழு பிரிக்கும்போது ஊரையோ மதிப்பெண்ணையோ பார்ப்பதற்கு முன்னால், எந்த நேரம் ஓய்வு என்று கேட்டுப் பிரியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியே ஆக வேண்டிய சந்திப்பு வாரத்துக்கு ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. மற்றதெல்லாம் அவரவர் நேரத்தில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கட்டும்.

சேர்ந்து படிக்கிற பழக்கமே இவர்களிடம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடக்கிற என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 சதவீதம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். அந்த 25க்கான விடைகள் எவ்வளவு வேகமாகக் கைமாறுகின்றன என்று எந்தக் கல்லூரி விடுதியில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முன்பின் பார்க்காத பையனுக்குக்கூட விடை அனுப்புகிற தாராளம் அவர்களிடம் இருக்கிறது. விடை கைமாறுகிறது, அந்த விடைக்கு வந்த வழி கைமாறுவதில்லை. அதனால்தான் அசைன்மென்டில் 24 வாங்கியவர் தேர்வில் தடுமாறுகிறார்.

இந்த இடத்தில் ட்ரைஸ்மன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் படித்த கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வசதி இல்லை, ஆர்வம் இல்லை, அடித்தளம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரி ட்ரைஸ்மன் அவர்களோடும், நன்றாகப் படித்த சீன வம்சாவளி மாணவர்களோடும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து வழியை ஒப்பிட்டார்கள். நம் விடை மட்டும் மாறி வருகிறது என்றால் தப்பு நம்மிடம், எல்லோருக்கும் மாறி மாறி வருகிறது என்றால் கணக்கு கஷ்டம் என்று அவர்களுக்குப் புரிந்தது. ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்கும் அப்படி ஒரு களம் அமைத்துக் கொடுத்தார். அங்கே அவர் கொடுத்தவை பாடத்தில் இருந்ததைவிடக் கஷ்டமான கணக்குகள். பின்தங்கியவர்களுக்கு எளிய கணக்கு என்கிற பழைய வழியில் அவர் போகவில்லை. தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசை. முதலில் தனியாகப் போட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் குழு. தனியாக முயலாத ஆளுக்குக் குழுவில் கேட்க ஒன்றும் இருக்காது, கொடுக்கவும் ஒன்றும் இருக்காது.

கூட்டம் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் சீமென்ஸ், டௌன்ஸ் என்ற இரு கல்வியாளர்கள் நடத்திய படிப்பில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். மூக் (யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய இணையப் படிப்பு) என்று பின்னாளில் பேர் வாங்கிய படிப்புகளுக்கு அதுதான் தொடக்கம். கற்பவர்கள் தங்களுக்குள் தொடர்பு வைத்துக்கொள்வதுதான் கல்வி என்ற கருத்தை மையமாக வைத்தே அது நடந்தது. ஐந்து வருடம் கழித்து, 2013 தொடக்கத்தில், கோர்சரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு படிப்பில் 40,000 பேர் சேர்ந்தார்கள். இணையவழிக் கல்வியை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் பாடம். எல்லோரும் ஒரு கூகுள் ஷீட்டில் போய்ப் பெயரைப் பதிந்து குழுவில் சேர வேண்டும் என்று சொன்னார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேரை அந்த ஷீட் தாங்கவில்லை. முதல் வாரத்திலேயே படிப்பை நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஒரு வகுப்புக் கூட்டம்தான். குழுக்களை நீங்களே உங்கள் கையால் பிரித்துப் போட முடியும். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு குழுவிலும் உங்கள் குரல் கேட்க வேண்டும். பாடம் நடத்துவதற்காக இல்லை, யாரோ பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதற்காக. "ரேட் எங்கிருந்து எடுத்தீங்க?" என்று ஒரு வரி போதும். ஆசிரியர் எட்டிப் பார்க்காத குழு மூன்றாவது வாரம் பேச்சை நிறுத்திவிடும். மூன்றாவது வாரத்துக்கு மேல் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். குழுவுக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் கொடுத்தால் உழைத்தவர் வயிறு எரியும், கொடுக்காவிட்டால் யாரும் மற்றவருக்காக மெனக்கெட மாட்டார்கள். என் வழி இது. முடித்த வேலைக்குக் குழு மதிப்பெண் பாதி. மீதிப் பாதிக்கு, கடைசியில் ஐந்து நிமிட இணைய வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதில் மற்றவர் செய்த பகுதியிலிருந்து மட்டுமே கேள்வி. சாயக் கணக்கு பார்த்தவரிடம் தையல் கூலியைக் கேளுங்கள், ஆர்டர் தாள் பார்த்தவரிடம் 168.4 எப்படி வந்தது என்று கேளுங்கள். இப்படி வரப்போகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டால், தன் துண்டை மட்டும் முடித்துவிட்டு ஒதுங்குகிற ஆள் குறைவார். அதோடு, மொய் நோட்டில் யார் என்ன எழுதினார் என்று இருப்பதைப்போல, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் "நான் சேர்த்தது இது, இன்னாரிடம் கற்றுக்கொண்டது இது" என்று இரண்டு வரி குழுவில் எழுதட்டும். தனித்தனியே அளந்தால் யாரும் குரலைக் குறைப்பதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்குத்தான் இது. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். செக்கிங் அக்காவின் பெயர் அதில் வாரா வாரம் வருவதைப் பார்க்கையில் அவர் பேசுகிற தோரணையே மாறிவிடும்.

எல்லாம் செய்தும் சிலர் தனியாகத்தான் படிப்பார்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறவர், இயல்பிலேயே கூட்டத்துக்கு ஒதுங்குகிறவர். இவர்களை இழுத்துப் பிடித்துக் குழுவில் உட்கார வைக்காதீர்கள். அதே கணக்கை நான்கு தாளும் சேர்த்துத் தனியாகச் செய்ய ஒரு வழி வைத்திருங்கள், வைவா மட்டும் எல்லோருக்கும் பொது.

உங்கள் படிப்பு பாதி ஓடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எல்லாவற்றையும் மாற்றப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். இருக்கிற ஐவர் குழுக்களைக் கலைக்க வேண்டாம். அடுத்த வேலையை மட்டும் துண்டு தாள்களாகப் பிரித்துக் கொடுங்கள், ஐந்தாவது தாளாகப் போக்குவரத்துச் செலவை வைத்துக்கொள்ளலாம். அனுப்பும்போதே, வைவாவில் அடுத்தவர் தாளிலிருந்துதான் கேள்வி வரும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தாள்களை வெள்ளிக்கிழமை அனுப்பினால், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கும்.